வெயிலைப் படித்த சிஷோம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

செங்கற்பட்டில் மின்சார இரயில் ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கியவர்கள், சாலைக்கு அப்பால் செந்நிறத்தில் நீண்டு நிற்கும் தலைமை அஞ்சலகத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்ததுண்டே தவிர, அதைக் கட்டியவர் யார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கட்டடம் என்றால் அதைக் கட்டியவர் கொத்தனார். எங்கள் வீட்டில் அவ்வளவுதான் கணக்கு. என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அந்த அஞ்சலகத்தை உருவாக்கிய இராபர்ட் சிஷோம் என்னும் ஆங்கிலேயரைத் தேடிப் போகும்படி என்னைச் செய்தது ஒரு வீடு. அது அவர் கட்டிய வீடு அன்று, எங்கள் வீடு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் செல்லும் வழியில் உள்ள எங்கள் ஊரில், நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை நாட்டு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். மண்சுவர், முன்புறம் திண்ணை, திண்ணைக்கு மேல் பனங்கை தாங்கிய தாழ்வாரம். மழைக் காலத்தில் ஒழுகும். பாத்திரம் வைத்துப் பிடிப்போம். அதைப் பிரித்துவிட்டுத் தந்தை தம் கையாலேயே கான்கிரீட் வீடு கட்டினார். கையிருப்பு, வட்டிக் கடன், தாயின் கம்மல் எல்லாம் அதில் போயின. ஊரார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அடுத்த கோடையில் ஒரு நாள் பிற்பகல், உள்ளே படுத்திருந்த என் ஆயா பேச்சு மூச்சின்றிக் கிடந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். வெப்பம் தாக்கி உடலில் நீர் வற்றிவிட்டது என்றார்கள். இரண்டு நாளில் பிழைத்து வந்தார். ஆனால் அன்று முதல் அவர் அந்த வீட்டுக்குள் படுப்பதில்லை. வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில். மழை வந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணை. தந்தை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு கொத்தனாருக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு உண்டோ?

வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன்தான் நான். எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கூரையின் குறுக்குவெட்டை வரைந்து விளக்கியபோதுதான், இம்மூன்றும் சேர்ந்தே என் ஆயாவை அன்று வீழ்த்தின என்பது உறைத்தது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் காலை முதல் வெயிலை வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறது. பிற்பகலில் அதைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. வெயில் சாய்ந்த பின்னும் இறக்கிக்கொண்டே இருக்கிறது. கீழே படுத்திருப்பவருக்கு அது தலைக்கு மேல் எரியும் அடுப்பு.

இதை வீட்டில் சொன்னபோது தந்தை வெகுநேரம் கழித்துத் தாம் கண்ட ஒன்றைச் சொன்னார். சென்னைச் சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைச் சீரமைத்த காலத்தில், சில மாதங்கள் அவர் அங்கே வேலைக்குப் போயிருந்தார். சிமெண்டு கூடாது, எல்லாம் சுண்ணாம்புதான் என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே சாரத்தில் நிற்க முடியாத வெயில். உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்தால் ஓடைக்கரையில் உட்கார்ந்ததுபோல் இருக்குமாம். அது நவாபு காலத்து அரண்மனை என்றும், பக்கத்தில் உயர்ந்து நிற்கும் கோபுரம் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் கட்டியது என்றும் மேஸ்திரி சொன்னதாக அவருக்கு நினைவு. அந்த வெள்ளைக்காரர் யார் என்று நம் கல்லூரி நூலகத்தில் தேடினேன். அவர்தாம் சிஷோம்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவருக்கு முன் வந்த ஐரோப்பியர் இந்த வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைச் சிறிது சொல்லவேண்டும். முதலில் வந்தவர்கள் தம் ஊர் வீட்டையும் தலையில் சுமந்துகொண்டே வந்தார்கள் எனலாம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சாவகத்தின் பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஆம்ஸ்டர்டாமைப் போலவே வாய்க்கால் வெட்டி, அதன் கரையில் நெருக்கமாக வீடு கட்டினார்கள். வாய்க்காலில் கொசு பெருகிற்று. காய்ச்சல் வந்து கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். பிறகுதான் ஊரைவிட்டு விலகி, தோட்டத்தின் நடுவே அகன்ற தாழ்வாரங்களுடன் வீடு கட்டக் கற்றார்கள். அதே டச்சுக்காரர்கள் நம் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையும் நானும் அங்கே போனோம். மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூடத் தெற்கே இவ்வளவு தூரம் வருவதில்லை. இடிந்த செங்கற் சுவர்களும், தானியக் கிடங்கும், சித்திர வேலைப்பாடு கொண்ட கல்லறைகளும் இருக்கின்றன. நான் கல்லறை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தை சுவரின் தடிமனைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

சென்னையில் ஆங்கிலேயர் நெடுங்காலம் கோட்டைக்குள் நெருங்கி வாழ்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர் பயம் குறைந்த பிறகு மவுண்ட் ரோடு, அடையாறு பக்கங்களில் தோட்ட வீடுகள் எழும்பின. பங்களா என்னும் சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. நம் தாழ்வாரத்துக்குத் தூண் வைத்து உயர்த்தினால் அது வராந்தா. கண்ணாடிக்குப் பதிலாகப் பிரம்புத் தட்டி. வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு அதன்மேல் தண்ணீர் தெளித்தார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பது நாம் படித்த பாடந்தான். இவ்வளவும் போதாதென்று அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதை வைப்பதற்கென்று 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இன்றும் கடற்கரையில் நிற்கிறது.

கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில் மெல்லிய மணலும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் பளிங்குபோல் மின்னியது. மெட்ராஸ் சுண்ணாம்பு என்று உலகமெங்கும் அதற்குப் பெயர். அது வெறும் அழகன்று. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அடித்தவர்கள் பெண்கள். வரிசையாகக் குந்தி, பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் அடிப்பார்கள். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. என் ஆயா சொன்னார். அவர் இளவயதில் சித்தாளாகச் சென்னைக்குப் போய்ப் பல மாடிகளில் தளம் அடித்தவர். ஊரார் மாடியையெல்லாம் குளிர வைத்தவர், தம் மகன் கட்டிய வீட்டில் சூடு தாங்காமல் மரத்தடியில் படுத்திருக்கிறார்.

இனிச் சிஷோமின் கதைக்கு வருகிறேன். 1840இல் இலண்டனில் பிறந்தவர். இளவயதிலேயே இந்தியாவுக்கு வந்து வங்காளப் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தார். 1864இல் சென்னை அரசு, மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்துக்கும் வரைபடங்கள் கேட்டுப் போட்டி அறிவித்தது. வந்த பதினேழில் இவருடையது தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. நம்மில் ஆராய்ச்சி மாணவர்களின் வயது! அந்த வெற்றிதான் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. பிறகு சென்னை அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞர் ஆனார்.

1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரி இத்தாலிய பாணியில் அமைந்தது. அழகுதான். ஆனால் அதில் சிஷோம் இன்னும் சென்னைக்கு முழுவதும் வந்து சேரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கற்றது ஐரோப்பா, கட்டியது கடற்கரை. அவரை மாற்றியவை இரண்டு என நான் கருதுகிறேன். ஒன்று, அப்போது ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. இந்தியாவில் கட்டுபவர்கள் இந்நாட்டுக் கட்டடங்களைப் படிக்கவேண்டும் என்று 1870இல் அவர் நிகழ்த்திய உரை பெரிதும் பேசப்பட்டது. மற்றொன்று, வேலையே அவருக்குக் கொடுத்த பாடம். சேப்பாக்கம் அரண்மனையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு அதன் இரு பகுதிகளுக்கும் இடையே கோபுரம் எழுப்பி இணைக்கும் பணி சிஷோமிடம் வந்தது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் சீர்ப்படுத்தும் பணியும் அவரிடம் வந்தது. பழைய கட்டடத்தைச் செப்பனிடுபவனுக்கு, அதைக் கட்டியவனின் மனம் புரியாமல் வேலை ஓடாது. இது என் தந்தையின் கருத்து. அவர் சிஷோமின் பெயரையே கேள்விப்பட்டிராத காலத்தில் சொன்னது.

நவாபின் அரண்மனை வருவாய்த்துறை அலுவலகமானதை மறந்துவிடக் கூடாது. செங்கற்பட்டு மாவட்ட உழவன் கட்டிய வரிக்கும் அங்கேதான் கணக்கு. குளிர்ந்த கூடத்தில் அதிகாரிகள் எழுதிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் துணி விசிறி ஆடும். அதன் கயிற்றை இழுப்பவன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். வெள்ளையர் வீடு குளிர்ந்ததற்குத் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் மட்டும் காரணமல்ல. தட்டிக்குத் தண்ணீர் தெளித்தவர்கள், தளம் அடித்தவர்கள், விசிறி இழுத்தவர்கள் ஆகியோரின் வியர்வையும் காரணம். சிஷோமின் பெயர் நூல்களில் இருக்கிறது. இவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

நீலகிரியிலும் அவர் வேலை செய்தார். உதகை நூலகமும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியும் அவர் வரைந்தவை. அங்கே வெயில் பிரச்சினை இல்லை. ஆகவே என் கதைக்கு அவை தேவையில்லை.

சிஷோம் வெயிலை முழுவதும் படித்து முடித்த இடம் திருவனந்தபுரம் என்று துணிந்து சொல்வேன். அங்கிருந்த பழைய அருங்காட்சியகத்தை 1874இல் இடித்துவிட்டுப் புதியது கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. மலையாள நாட்டின் மரவீடுகளையும் கோயில்களையும் அவர் கூர்ந்து பார்த்தார். சரிவான ஓட்டுக் கூரை, வெளியே நீண்டு மழையையும் வெயிலையும் ஒருங்கே தடுக்கும் இறவாரம், முகட்டின் முக்கோண முகப்பு. சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். ஏறிய காற்றுக்கு முகட்டில் வழி விட்டால் அது வெளியேறும். அதன் இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும். விசிறி இழுக்க ஆள் தேவையில்லை. கட்டடமே மூச்சு விடுகிறது. 1880இல் முடிந்த அந்தக் கட்டடத்துக்கு நேப்பியரின் பெயரையே வைத்தார்கள். இயற்கையான குளிர்ச்சிக்கு அது இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. வெப்பச் சலனம் என்று நான் மனப்பாடம் செய்த பாடத்தை அந்த நாட்டுத் தச்சர்கள் மரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்; சிஷோம் அதைப் படித்துச் செங்கல்லில் பெயர்த்தார்.

அதன்பின் அவர் கை மாறிவிட்டது. செனட் மண்டபம் 1879இல் முடிந்தது. மாநிலக் கல்லூரியையும் அதையும் ஒரே நாளில் நடந்து பாருங்கள். ஒரே மனிதர் வரைந்தவை என்று நம்பமாட்டீர்கள். 1884இல் எழுந்த தலைமை அஞ்சலகத்தின் கோபுரங்களுக்கு அவர் திருவாங்கூர்க் கூரையைத் தொப்பியாகச் சூட்டினார். 2000ஆம் ஆண்டில் தீப்பிடித்து அந்தக் கட்டடம் பெருஞ்சேதம் அடைந்தது, பிறகு சீரமைத்தார்கள். சென்னை விக்டோரியா பொதுமண்டபமும் அவர் வரைந்ததே. இதனிடையே 1877இல் சென்னைக் கைத்தொழில் பள்ளியின் தலைமையும் அவரிடம் வந்தது. அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. நூலில் மட்டும் கற்றவரைப் பட்டறைக்கு நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய பிற்காலக் கட்டடங்களே விடை.

பரோடாவில் மன்னர் சாயாஜிராவுக்காக லட்சுமி விலாஸ் அரண்மனையைத் தொடங்கிய சார்லஸ் மாண்ட் 1881இல் இறந்துவிட்டார். தாம் போட்ட கணக்குகள் தவறு, கட்டடம் விழுந்துவிடும் என்ற அச்சம் அவரை வாட்டியதாகச் சொல்வார்கள். அந்த வேலையைச் சிஷோம் ஏற்று 1890இல் முடித்தார். கட்டடம் விழவில்லை. இன்றும் நிற்கிறது. கட்டுபவன் மனத்தில் இப்படி ஓர் அச்சம் புகுந்தால் என்ன பாடுபடுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறுதியில் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1907இல் இலண்டனில் ஒரு தேவாலயம் கட்டினார். அது இப்போது கடோகன் ஹால் என்னும் இசை அரங்கம். வாழ்நாளெல்லாம் வெயிலுக்குக் குடை பிடித்தவர், வெயிலுக்கு ஏங்கும் ஊரில் தம் கடைசிப் பெரிய வேலையைச் செய்தது வேடிக்கைதான். 1915இல், எழுபத்தைந்தாம் வயதில், சவுத்சீ என்னும் கடற்கரை ஊரில் காலமானார்.

இவ்வளவையும் ஒரு மாலையில் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவில் வேலை செய்கிறார். கடல் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி. ஒவ்வோர் அறைக்கும் ஏ.சி. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வந்த வெள்ளைக்காரர் வெயிலை வெளியே நிறுத்த அவ்வளவு பாடுபட்டார். நம்மவர் காசு கொடுத்து அதை உள்ளே அழைத்து, மீண்டும் காசு கொடுத்து விரட்டுகிறார்கள். இதை நான் சொன்னபோது தந்தை சிரித்தார். வீடு கட்டியபின் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு அவரே ஒன்று சொன்னார். கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கித் தளம் போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கம். மெட்ராஸ் டெரஸில் தேக்கும் நிறுத்திய கல்லும் போய்விட்டாலும், அதன் மேற்பாதி இன்னும் நம் கூரைகளில் உயிரோடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதை அவர் போடவில்லை. பணம் தீர்ந்துவிட்டது; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சன்ஷேடையும் ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டார். திண்ணை வைத்தால் ஓர் அறைக்கான இடம் போகிறதே என்று அதையும் நீக்கிவிட்டார். தெரியாமல் செய்ததன்று. மற்றவர் வீட்டில் இவற்றையெல்லாம் போட்டுக் கொடுத்த கைதான்.

என் அண்ணன் திருமணத்துக்கு முன் மேலே ஓர் அறை எழுப்பவேண்டும் என்று சீட்டுப் போட்டு வைத்திருந்தோம். சென்ற மாதம் அந்தச் சீட்டை எடுத்தார்கள். மேல் அறை வேண்டாம், சுருக்கித் தளமும் மேற்கே ஓட்டுத் தாழ்வாரமும் முதலில் என்றார் தந்தை. அண்ணனுக்கு மனத்தாங்கல், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அவனே போய் ஓர் இடிந்த வீட்டில் பழைய நாட்டு ஓடு விலை பேசி வந்தான்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இந்த ஞாயிறு காலையில் வாசலில் செங்கல் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. மேற்குச் சுவரிலிருந்து ஏழடி தள்ளி முளை அடித்து, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கத் தந்தை என்னைக் கூப்பிட்டார். ஆயா கட்டிலைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஏழடி போதாது, எட்டடி வையுங்கள் என்கிறார். கடுக்காய் எத்தனை நாள் ஊறவேண்டும் என்று தந்தைக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடக்கிறது.